நான்கு பழங்களோடு வந்தவள்

சந்தையில் லோவான் நாலே நாலு பழம்தான் வாங்கினாள். சீத்தாப்பழம், இளநீர், பப்பாளி, மாம்பழம். சா டெக் ஊரில் இந்த நாலையும் ஒரே பையில் போடச் சொன்னால் எதற்கென்று கடைக்காரி கேட்கவே மாட்டாள். நாலின் பெயரையும் வரிசையாகச் சொன்னால் அந்த ஊர்ப் பேச்சில், 'கைச்செலவுக்குப் போதுமானதைக் கொடு சாமி' என்று காதில் விழும். அதனால் அது படையலுக்கான பழம். லோவான் வாங்கியது, தான் வாங்கப்போகும் வீட்டின் மண்சாமிக்கு. வாசல் மூலையில் தரையோடு உட்கார்ந்து தொப்பையும் சிரிப்புமாக இருக்கிறவரிடம், திங்கட்கிழமை பத்திரத்தில் கையெழுத்து, அப்புறம் இங்கே நான்தான், பார்த்துக்கொள் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, ஜன்னல் திரைக்கு அளவெடுத்துக்கொண்டு திரும்பிவிட நினைத்தாள்.

வயது நாற்பதாகிவிட்டது. இத்தனை காலமும் வாடகை அறையில், கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே தையல் மெஷினை இடுக்கி வைத்துக்கொண்டு ஊரார் துணியைத் தைத்தவள். இந்த வீட்டு முன்னறையில் மூன்று மெஷின் போட்டு இரண்டு பெண்களை வேலைக்கும் வைக்கலாம். இருந்த தங்கத்தையெல்லாம் விற்று முன்பணம் கொடுத்தாயிற்று. வாங்குகிறவர் பின்வாங்கினால் முன்பணம் போனது போனதுதான் என்பது பேச்சு. இந்த மாதத்தோடு அறையைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார் அறையின் சொந்தக்காரர் வேறு.

வீட்டை விற்கிற கியெத் சைகோனில் இருக்கிற ஒண்டிக்கட்டை. அப்பா எனக்கே எழுதிவைத்த வீடு, பத்திரம் என் ஒருவன் பேரில்தான், கேட்க ஆளில்லை என்று சொல்லியிருந்தான். பத்திரமும் அப்படித்தான் இருந்தது. ஆனால் முன்னறையில் அவன் அப்பா படத்துக்கு எதிரே ஊதுவத்திக் கிண்ணம் இன்னும் அப்படியே இருந்தது. வீட்டை விற்கிறவன் அப்பாவைக் கும்பிட்டு, அவரிடம் சொல்லிவிட்டு முதலில் அதைத்தான் எடுத்துப் போகவேண்டும். எடுத்துடறேன், எடுத்துடறேன் என்று ஒவ்வொரு தடவையும் சொல்வான். வீடு கிடைக்கிற சந்தோஷத்தில் இருக்கிறவளுக்குக் கிண்ணமா கண்ணில் உறுத்தும்?

சாவி பூந்தொட்டிக்கு அடியில் இருக்கும் என்றிருந்தான். போய்ப் பார்த்தால் கதவு விரியத் திறந்து கிடக்கிறது. முன்னறையில் பாய் விரித்து அக்கம்பக்கத்தார் உட்கார்ந்திருக்கிறார்கள். இளநீரில் பன்றிக்கறியும் முட்டையும் கொதிக்கிற வாசனை தெருவரைக்கும் வந்தது. அன்றைக்கு அவன் அப்பாவுக்குத் திதி. படுபாவி, அதை அவன் மூச்சுக்கூட விடவில்லை.

ஈரக்கையைத் துடைத்தபடி சமையலறையிலிருந்து ஒரு அம்மாள் வந்தாள். பழப்பையைப் பார்த்தாள், லோவானின் முகத்தைப் பார்த்தாள், கண் கலங்கிவிட்டது. "அவன் சொன்னது நெசந்தானா? வாம்மா, வா. நான் அவன் அக்கா, ஹுவோங்."

விஷயம் இதுதான். இந்த வருஷம் உன் ஊர் கா மாவ்விலிருந்து மெனக்கெட்டு வரவேண்டாம், எனக்கு ஒரு பெண் அமைந்திருக்கிறாள், திதியை அவளோடு சேர்ந்து சைகோனிலேயே கொடுத்துவிடுகிறேன் என்று கியெத் அக்காவிடம் போனில் அளந்திருந்தான். விற்கிற வீட்டுப் பக்கம் அவள் வந்துவிடக் கூடாதே. அவளோ, அப்பா சாப்பாட்டுக்கு இந்த வீட்டுக்குத்தானே வருவார், சைகோனுக்கு வழி தெரியுமா அவருக்கு என்று பஸ் ஏறி வந்துவிட்டாள். திதியன்று படையல் பழத்தோடு ஒருத்தி வாசலில் வந்து நின்றால், யார் என்று நினைப்பாள்?

லோவான் வாயைத் திறப்பதற்குள் பழங்கள் படத்துக்கு முன்னால் போய்விட்டன. ஹுவோங் ஊதுவத்தி ஏற்றி, "அப்பா, உங்க மருமக வந்திருக்கா" என்று அழுதுகொண்டே சொன்னாள். பாயில் இருந்தவர்கள் தம்பிக்கு ஏற்ற ஜோடியாகத்தான் இருக்கிறாள் என்று கேலி பேசினார்கள். அத்தனை பேர் முன்னால் எப்படி மறுப்பது? பாகற்காய் சூப்பை ஊற்றி ஊற்றிச் சாப்பிட வைத்தார்கள். விழுங்க முடியாமல் விழுங்கினாள்.

வந்தவர்கள் கிளம்பியதும் ஹுவோங் பையிலிருந்து துருவேறிய சாவி ஒன்றை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்து மூடினாள். அம்மா வைத்திருந்த சாவி, இனி உன் வீடு என்றாள். அந்த வார்த்தையை யாராவது தன்னிடம் சொல்ல மாட்டார்களா என்று எத்தனை வருஷம் ஏங்கினாள் லோவான்! வந்தது இப்படியா வரவேண்டும்?

பாத்திரம் கழுவுகிற சாக்கில் கொல்லைப்பக்கம் போய் கியெத்துக்குப் போன் போட்டாள். அக்கா வந்திருப்பதையும் நடந்ததையும் சொன்னாள்.

"சட்டப்படி எல்லாம் சரியாத்தான் இருக்கு லோவான். அக்கா நாளைக்கு ஊருக்குப் போயிடும். நீங்க வாய மூடிட்டு இருந்தாப் போதும்."

"கையெழுத்துக்கு அப்புறம் அக்காகிட்ட சொல்லுவீங்களா?"

"சொல்லுவேன். மெதுவா சொல்லிக்கறேன்."

எடுத்துடறேன் என்று சொன்ன அதே குரல். இவனாவது சொல்வதாவது.

குழாயடியில் உட்கார்ந்து லோவான் கணக்குப் போட்டாள். வாயை மூடிக்கொண்டால் வீடு. மூன்று மெஷின். யாரும் காலி பண்ணச் சொல்ல முடியாத கதவு. நான் யாரையும் ஏமாற்றவில்லையே, ஏமாற்றியவன் அவன்தானே என்று தனக்குத்தானே வாதாடியும் பார்த்தாள். ஆனால் அடுத்த வருஷமும் இதே திதியில் ஒருத்தி பஸ் ஏறிக் குண்டானோடு வந்து நிற்பாள். கதவைத் திறந்து, நீங்க யாரு என்று இவள் கேட்கவேண்டும். தெரியாமல் வாங்கியிருந்தால் அது வேறு. மருமகள் என்று சோறு போட்டு, அதைத் தின்றும் ஆயிற்றே. தன் தங்கத்தை நினைத்துக் கொஞ்சம் அழவும் செய்தாள்.

எழுந்து உள்ளே போய்ச் சாவியை நீட்டினாள். "அக்கா, நான் மருமக இல்ல. இந்த வீட்ட வாங்க வந்தவ. உங்க தம்பி வித்துட்டிருக்கார்."

ஹுவோங் சாவியை வாங்கவில்லை. அப்பா படத்தின் பக்கம் திரும்பினாள்.

"அப்பாகிட்ட சொல்லிட்டேனே," என்றாள். "இப்ப எப்படி மாத்திச் சொல்றது?"

சாவியைப் பழத்தட்டின் பக்கத்தில் வைத்துவிட்டு, லோவான் தானே ஊதுவத்தி ஏற்றிக் கும்பிட்டாள். "ஐயா, நான் உங்க மருமக இல்ல. வீடு வாங்க வந்தேன். வேண்டாம்னு போறேன்." சத்தமாகத்தான் சொன்னாள். சொன்ன பிறகு திரும்பப் பெற முடியாது என்று தெரிந்தே சொன்னாள். கிண்ணத்துச் சாம்பலில் வத்தியைக் குத்தினாள்.

திதிக்கு வந்தவளை வெறுங்கையோடு அனுப்புவதில்லை என்பதால் ஹுவோங் வாழையிலையில் பொதிந்த பலகாரத்தைப் பையில் போட்டுக் கொடுத்தாள். கியெத் வேறு யாருக்காவது விற்கத்தான் போகிறான், அக்காவும் தம்பியும் பட்டுக்கொள்ளட்டும், நமக்கென்ன என்று மனதைக் கெட்டிப்படுத்திக்கொண்டு லோவான் வாசலில் இறங்கினாள். ஹுவோங் பின்னாலேயே வந்து கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வீட்டைப் பற்றித்தான் கேட்கப்போகிறாள் என்று இவள் நினைத்தாள்.

"அப்ப அவனுக்குன்னு," என்றாள் ஹுவோங், "நெசமாவே யாரும் இல்லையாம்மா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். லோவான் இல்லை என்று தலையை ஆட்டினாள்.