ஏழு குடிக்கும் ஒரே பளிங்கு

பள்ளிவாசலின் பழைய குடிப்புத்தகத்தில் எந்தக் குடிவழியின் பக்கம் முதலில் வர வேண்டும் என்பதுதான் சண்டை. அதற்காக ஏழு குடிகளின் தலைவர்களான மரைக்கார்மாரும் பத்து வருடமாக ஒரே சஹன் தட்டில் கைவைத்துச் சாப்பிட்டதில்லை. புத்தகமோ சுனாமியில் நனைந்து, தொட்டால் உதிரும் நிலையில் கிடந்தது.

நற்பிட்டிமுனையிலிருந்து கல்முனைக்கு மாப்பிள்ளையாக வந்த றிபாத், பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் விரிவுரையாளர். லேசர் ஒளியால் பக்கங்களைப் பதிந்து வைக்கும் பளிங்குக்கட்டி ஒன்று அவரிடம் இருந்தது. ஏழு பக்கமும் அதற்குள் ஒரே இடத்தில் கிடக்கும், மேல் கீழ் இல்லை, ஒளியின் கோணத்தைத் திருப்பினால் பக்கம் மாறும் என்று சபையில் விளக்கினார். மரைக்கார்மாருக்கு 'மேல் கீழ் இல்லை' என்பது மட்டும் நன்றாக விளங்கிற்று.

பதிவு முடிந்ததும் புத்தகத்தை வெள்ளைத்துணியில் சுற்றி மையவாடியில் அடக்கினார்கள். சண்டை மறுபடி கிளம்பாதிருக்க, றிபாத்தின் போனிலிருந்த பக்கங்களின் படங்களையும் அழிப்பித்தார்கள். பதிவைச் சூடேற்றி நிலைநிறுத்தும் அடுப்பு இன்னும் வரவில்லை, பொறுங்கள் என்று அவர் முனகிப் பார்த்தார். மாப்பிள்ளையாக வந்த ஊரில் எவ்வளவுதான் குரலை உயர்த்த முடியும்?

அவருடைய மனைவி சுல்பிகாவுக்கு ஓர் ஆசை. குடி போவது பெண்வழி, ஆனால் புத்தகம் நிறைய ஆண்களின் பெயர். ஐந்தாம் பக்கத்தில் மட்டும் பள்ளிக்குக் காணி கொடுத்த அவளுடைய குடிப்பெண் ஆயிஷா உம்மாவின் பெயர் இருந்தது. அதை ஒருதரம் கண்ணால் பார்க்க வேண்டும் என்றாள். பார்க்கப் பார்க்க மங்கும், அடுப்பு வரட்டும் என்றார் றிபாத். அவளும் பொறுத்தாள்.

மரைக்கார்மார் பொறுக்கவில்லை. தங்கள் பக்கம் பத்திரமாக இருக்கிறதா என்று மாறிமாறி வந்து பார்த்தார்கள். எழுத்து மங்கியதும் றிபாத் சபையைக் கூட்டி உண்மையைச் சொன்னார்: ஒருவர் தன் பக்கத்தைப் பார்த்தாலும் ஒளி முழுப் பளிங்கிலும் படும், ஏழு பக்கமும் சேர்ந்து அழியும். எச்சரிக்கை என்றுதான் அவர் நினைத்தார்.

மறுநாள் சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு சீனிமுகம்மது மரைக்கார் வந்து நின்றார்.

"கலந்தர் மரைக்கார் நாலுதரம் பாத்திட்டார் மனே. எங்கட பக்கத்த அவர் அழிக்கக்குள்ள நாங்க சும்மா இரிக்கிறதா? போடுங்க லேசர."

அன்றிலிருந்து வரிசைதான். தன் மூக்குப் போனாலும் எதிரிக்குச் சகுனப்பிழை ஆக வேண்டுமே. பளிங்கு இருந்த பள்ளி அறையின் திறப்புச் சாவி சபையின் கையில் இருந்ததால் றிபாத்தால் தடுக்கவும் முடியவில்லை.

அடுப்பு வந்த அன்று அசர் தொழுகைக்குப் பிறகு சுல்பிகாவை அழைத்துப் போனார். ஐந்தாம் கோணத்துக்குத் திருப்பினார். திரையில் ஓரெழுத்தும் விழவில்லை. ஏழு கோணத்துக்கும் திருப்பிப் பார்த்தார். ஏழிலும் ஒன்றுமில்லை. அவள் வெறும் திரையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாரும் பாத்தாங்க," என்றாள். "பாக்க வாணாமெண்டு நீங்க சென்னதக் கேட்டவ நான் ஒருத்திதான்."