ஆணைக்குழுவுக்கு ஒரு போத்தல் தண்ணீர்

…இந்த நாட்டின் விஞ்ஞானக் கொள்கையையே ஒரு போத்தல் கிணற்றுத் தண்ணீரால் மாற்றி எழுத வைத்தவர் ராஜரத்தினம், கொழும்பிலிருந்து வந்த பேராசிரியர்மார் அத்தனை பேரும் கதிரையை விட்டு எழும்பி அந்தப் போத்தலைக் கும்பிட்டார்கள், ஆணைக்குழுத் தலைவி அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஐயா, உங்கட மனிசியின்ர பேரிலைதான் இனி வன்னிக் கிணறெல்லாம் சோதிப்பம் என்று… இப்படித்தான் அவர் வவுனியா ஆஸ்பத்திரியில் கட்டிலோரம் நின்று அளந்துகொண்டிருந்தார், மனைவி கமலாட்சியின் இரத்தம் குழாய் வழியே மெசினுக்குள் போய்த் திரும்பிக்கொண்டிருந்தது, அவள் சிரிக்கிறாளா, காய்ந்த உதடு இழுபடுகிறதா, ஒரு மந்திரியையும் சேர்ப்போமா, வேண்டாம், மந்திரி என்றால் நம்பமாட்டாள்.

நடந்தது என்ன? அரசாங்கத்துக்கு விஞ்ஞான ஆலோசனை சொல்லும் ஆணைக்குழு, சனத்தின் கருத்தைக் கேட்கக் காலையில் மண்டபத்துக்கு வந்தது உண்மை, அவள் சிறுநீரகத்தைத் தின்ற தண்ணீரை அவர் மேசையில் வைத்ததும் உண்மை. இது பச்சைத் தண்ணியோ ஐயா, என்று அதிகாரி மரியாதையாகத்தான் கேட்டார். சீ, பெரியாக்களுக்குப் பச்சைத் தண்ணி குடுப்பமோ, கொதிக்கவைச்சு ஆறவைச்செல்லோ கொண்டந்தனான்… வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் கமலாட்சி அப்படித்தானே கொடுப்பாள். அதிகாரி போத்தலை மெல்லத் திருப்பி நகர்த்தினார், கொதிச்ச தண்ணியைச் சோதிச்சுப் பிரயோசனமில்லை ஐயா, வாற வருஷம் வரேக்கை பச்சையாக் கொண்டு வாங்கோ. வருகிற வருடம்… வருகிற வருடம் யாருக்கு?

மண்டபத்தில் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டவன் அவளுடைய தம்பி பரமலிங்கம், அத்தானின் ஒரு புளுகையும் இதுவரை தப்பவிடாதவன், பரந்தன் சந்தியில் யானையை அதட்டி பஸ்ஸுக்கு வழியெடுத்த கதையைக் கலியாணப் பந்தியில் வைத்து, அத்தான், அது எருமையெல்லோ, அதுவும் கட்டிக்கிடந்தது என்று போட்டுடைத்தவன். இப்போது கட்டிலின் மறுபக்கம் நிற்கிறான், சற்றுமுன் டொக்டர் அவனை மட்டும் வெளியே கூப்பிட்டுக் கதைத்தார், வந்ததிலிருந்து சுவரையே பார்க்கிறான்… ஏன் சுவரை?

கமலாட்சி கண்ணைத் திறந்தாள். "இந்த மனிசன் புளுகுது. நீ சொல்லு தம்பி, எங்கட தண்ணியைக் கொண்டுபோனவையோ?"

உடை மச்சான், போட்டு உடை, வழக்கம்போல நீ உடைத்தால் எல்லாம் வழக்கம்போல இருக்கிறது என்றுதானே அர்த்தம், அவள் சிரிப்பாள், நான் கோபிப்பேன், அடுத்த கிழமையும் இதே கட்டிலுக்கு வருவோம்…

பரமலிங்கம் அக்காவின் காலைப் போர்வையால் மூடினான்.

"ஓம் அக்கா, நடந்தது. எல்லாரும் எழும்பித்தான் நிண்டவை."