இடது கை ஸ்ரீதர்

கார்முகிலை இந்திய அணிக்கு எடுத்துவிட்டார்கள் என்ற செய்தி வந்தபோது ரத்தினம் கேன்டீனில் மஞ்சள் நாடாக்காரர்களின் வரிசையில் நின்றுகொண்டிருந்தான். கையில் தட்டு, மனதில் சாம்பாரில் முருங்கைக்காய் மிச்சமிருக்குமா என்ற கவலை. கார் சீட் தயாரிக்கும் அந்தக் கம்பெனியில் நிரந்தர ஊழியர்கள் அடையாள அட்டையை நீல நாடாவில் மாட்டிக்கொள்வார்கள், ஒப்பந்தக்காரர்கள் மஞ்சள் நாடாவில். கார் சீட்டுக்கு உறை மாட்டும் வேலை இரண்டு நாடாவுக்கும் ஒன்றுதான். முருங்கைக்காய் மட்டும் நீலத்துக்குப் போய்விடும்.

யாரோ போனைத் தூக்கிப் பிடித்து, "டேய், நம்ம சேரப்பணஞ்சேரி பையன்டா! இந்தியா டீம்டா!" என்று கத்த, தட்டுகளும் டம்ளர்களும் மேசைகளில் தாளம் போட்டன. மூத்தவர்களுக்கு ஓய்வு கொடுத்துவிட்டு இளசுகளாகப் பொறுக்கிய அணியாம். பட்டியலில் கடைசிப் பெயர் கார்முகில், இடது கை வேகப்பந்து.

ரத்தினத்துக்கு அடிவயிற்றிலிருந்து ஒரு கூவல் கிளம்பித் தொண்டை வரை வந்தது. 'அவனை மொதமொத கிரவுண்டுக்கு இட்டாந்தவன் நான்தான்யா!' வந்த கூவலை அப்படியே விழுங்கி, ஒரு வாய் தண்ணீரையும் மேலே ஊற்றினான். அதைச் சொன்னால் கைக்கு வரவிருந்த நீல நாடா போய்விடும்.

விஷயம் இதுதான். ரத்தினத்தின் அப்பா படப்பைச் சந்தையில் பூண்டு விற்றவர். யாராவது விலையைக் குறைத்துக் கேட்டால் அவர் பதில் சொல்ல மாட்டார். வானத்தைப் பார்ப்பார், ஒரு பெருமூச்சு விடுவார், பிறகு கோணியை எடுத்துப் பூண்டை மூட ஆரம்பிப்பார். கேட்டவர் தானாக ஏறி வருவார். பையனுக்குப் பூண்டு வரவில்லை, அந்தப் பேரம் மட்டும் வந்தது. ஒரகடம் பக்கம் ஞாயிற்றுக்கிழமைகளில் கம்பெனிக்குக் கம்பெனி டென்னிஸ் பந்து கிரிக்கெட் நடக்கும். ஒவ்வொரு கம்பெனி அணியிலும் அந்தக் கம்பெனியின் கேட்டைக்கூடப் பார்த்திராத ஓரிருவர் ஆடுவார்கள். கெஸ்ட் பிளேயர் என்று பெயர். அந்த வியாபாரத்தில் ரத்தினம் பெரிய கை. மண்ணூரிலிருந்து ஒரு தொடக்க ஆட்டக்காரரை வாங்கி, பதிலுக்கு மறைமலை நகர் விக்கெட் கீப்பரைத் தள்ளிவிட்டு, மேற்கொண்டு அணி முழுவதற்கும் பிரியாணி எழுதி வாங்கிவிடுவான். இவ்வளவு பேரை இடம் மாற்றிவிட்டவனுக்குத் தன் வேலையை மட்டும் நிரந்தரமாக்கத் தெரியவில்லை என்று அவன் மனைவி கனகலட்சுமி வாரத்துக்கு ஒருமுறையாவது சொல்லிக்காட்டுவாள்.

கார்முகில் கிடைத்ததும் அப்படி ஒரு பேரத்தில்தான். சேரப்பணஞ்சேரியில் கன்டெய்னர் லாரிகள் நிற்கும் பொட்டலில் ஒரு ஒல்லிப் பையன் லாரிச் சக்கரத்தைக் குச்சியாக வைத்துப் பந்து வீசிக்கொண்டிருந்தான். தூங்க முடியாத டிரைவர் இறங்கிவந்து அவன் சட்டையைப் பிடித்திருந்தார். நடுவில் புகுந்த ரத்தினம் டிரைவரைச் சமாதானம் செய்தான். முடிவில் டிரைவருக்குத் தூக்கம் கிடைத்தது, ரத்தினத்துக்குப் பையன் கிடைத்தான்.

பையன் வளர்ந்து மாநில அணி வரை போய்விட்டான். ஆனாலும் அண்ணன் கூப்பிட்டால் தொப்பியை மூக்கு வரை இழுத்துவிட்டுக்கொண்டு வந்துவிடுவான். இந்த வருடம்தான் சிக்கல். கம்பெனி அடையாள அட்டை இல்லாதவன் மைதானத்தில் இறங்கக் கூடாது, மீறினால் அணியையே நீக்குவோம் என்று போட்டிக் கமிட்டி சட்டம் போட்டது. மற்ற தரகர்கள் கடையை மூடினார்கள். ரத்தினம் தையல் பிரிவுக்குப் போய் ஸ்ரீதரைப் பார்த்தான். கார்முகிலின் அதே உயரம், அதே ஒல்லி, ஆங்காங்கே முளைத்த அதே தாடி. அட்டையிலிருந்த புகைப்படம் யாருடையதாகவும் இருக்கலாம். ஸ்ரீதர் வாழ்க்கையில் ஓடியது கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க மட்டும்தான்.

அரையிறுதியில் 'ஸ்ரீதர்' எதிரணியைச் சுருட்டி எறிந்தான். பரிசளிப்புக்குச் சற்று முன் ஷாமியானாவுக்குப் பின்னால் சட்டை கை மாறியது. கார்முகிலின் வியர்வையில் நனைந்த சட்டையோடு அசல் ஸ்ரீதர் மேடையேறி, எச்ஆர் அதிகாரி ஷெர்லின் கையால் ஆட்டநாயகன் கோப்பை வாங்கினான். மறுநாளே அவன் படம் நோட்டீஸ் போர்டில் ஏறியது. கேன்டீனில் அவன் தட்டில் கேட்காமலே இரண்டாவது முட்டை விழுந்தது. ஒரு வாரத்தில் அவனே நம்ப ஆரம்பித்துவிட்டான். "எல்லாம் வெரல் வேலதான் மச்சி" என்று தையல் மிஷின் பக்கத்தில் பாடம் எடுத்ததை ரத்தினம் தன் காதால் கேட்டான்.

ஷெர்லின் கண்டிப்பானவள், ஆனால் சொன்ன சொல் தவறாதவள். "ரத்தினம், ஃபைனல் மட்டும் ஜெயிச்சுக் குடுங்க. உங்க ஃபைலை நானே எம்டி ரூமுக்கு எடுத்துட்டுப் போறேன். நாடாவை கிரவுண்ட்லயே மாட்டிவிடறேன்" என்றிருந்தாள். இறுதிப் போட்டியன்று கைப்பையில் அந்த நீல நாடாவைச் சுருட்டி வைத்துக்கொண்டும் வந்துவிட்டாள். பையின் வாயிலிருந்து அதன் நுனி எட்டிப்பார்த்ததை ரத்தினம் மைதானத்தில் நுழைந்ததுமே கவனித்துவிட்டான்.

ஆனால் இறுதிப் போட்டி தொடங்குவதாக இல்லை. அன்றைக்கே கார்முகிலின் முதல் சர்வதேச ஆட்டம். கமிட்டித் தலைவர் சீனிவாசன், தண்ணீர் கேன் ஏஜென்சி வைத்திருப்பவர், மைதான ஓரத்தில் பெரிய திரை கட்டியிருந்தார். இந்தியா பந்துவீசி முடிக்கும்வரை யாரும் அசைய மாட்டோம் என்று இரண்டு அணிகளும் கூட்டமும் திரைக்கு முன்னால் சம்மணம் போட்டுவிட்டன.

ரத்தினமும் உட்கார்ந்தான். திரையில் கார்முகில் ஓடிவந்தபோது ரத்தினத்தின் கால் கட்டைவிரல் தானாகத் தரையை அழுத்தியது. முதல் விக்கெட் விழுந்ததும் பக்கத்திலிருந்தவனைக் கட்டிக்கொண்டான். பிறகுதான் பார்த்தான், கட்டிக்கொண்டது எதிரணியான பம்பர் கம்பெனியின் கேப்டன் இசக்கியப்பனை. திருநெல்வேலிக்காரர். அவர் கொண்டாடவில்லை, கண்ணைச் சுருக்கித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கார்முகில் ஒவ்வொரு பந்துக்கும் ஓடத் தொடங்குமுன் இடது தோளை உயர்த்தி, சட்டைக் கையால் காது மடலை ஒரு தேய்ப்புத் தேய்ப்பான். லாரிப் பொட்டலில் புழுதி தட்டிய பழக்கம்.

"அந்தக் காது!" என்று எழுந்துவிட்டார் இசக்கியப்பன். "ஏ சீனிவாசன் அண்ணாச்சி, இங்க வாரும்! இவன்தாம்லா செமி ஃபைனல்ல இவங்களுக்குப் பந்து போட்டவன்! நான் பவுண்டரில நின்னு பாத்தேன், ஒவ்வொரு பந்துக்கும் காதைத் தேய்ச்சாம்!"

கூட்டத்தில் பாதி திரையைப் பார்த்தது, பாதி ரத்தினத்தைப் பார்த்தது. ஷெர்லின் நாற்காலியிலிருந்து எழுந்து வந்தாள்.

"காது யாருக்குத்தான் அரிக்கல?" என்றான் ரத்தினம். "எனக்குங்கூட அரிக்குது."

"விளையாடாதயும்வே. இவன உமக்குத் தெரியுமா தெரியாதா?"

"டிவில பாக்கறதுதான்."

"ஒரே ஊர்ப் பக்கம். ஒரு தடவகூடப் பாத்ததில்ல?"

"இன்னா சார் நீ, இம்மாம் பெரிய ஆளு என்னாண்ட எதுக்கு வரப் போறாரு?"

ஷெர்லின் மெதுவாகக் கேட்டாள்: "ரத்தினம், உண்மையாவே இவரை உங்களுக்குத் தெரியாதா?"

திரையில் அந்த நேரம் பார்த்துக் கார்முகிலின் முகத்தை அருகில் காட்டினார்கள். மேலுதட்டில் பழைய தழும்பு. ரத்தினத்தின் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து வாங்கியது.

"தெரியாது மேடம்" என்றான். சொன்ன பிறகு வாய் கசந்தது.

சீனிவாசன் தொண்டையைச் செருமினார். "இதுக்கு ஒரே வழிதான். செமில போட்டவரு ஸ்ரீதர்னா, அந்த ஸ்ரீதரே இப்போ ஒரு ஓவர் போட்டுக் காட்டட்டும்."

ரத்தினம் வானத்தைப் பார்த்தான். பெருமூச்சு விட்டான். "ஃபைனல் ஆடப் போற பவுலரு. ஒடம்பு சூடேறாம ஆறு பந்து போட்டா தோள் பூடும். உன் பவுலர நான் இப்டிக் கேப்பனா?"

"சரி, நாலு போடட்டும்" என்றார் இசக்கியப்பன்.

"ரெண்டு."

"மூணு. அதுக்குக் கீழ எறங்க மாட்டேன்."

ரத்தினம் கோணியை எடுத்தான். அதாவது, தன் அணியின் மட்டைப் பையை எடுத்து ஜிப்பை மூட ஆரம்பித்தான். "அப்ப வேணா சார். ஃபைனலும் வேணா, ஒண்ணும் வேணா. நாங்க வூட்டுக்குப் போறோம். வந்த ஜனத்துக்கு நீயே பதில் சொல்லு."

ஜிப் பாதி தூரம் போவதற்குள் சீனிவாசன் பதறிவிட்டார். "ஒண்ணு! ஒரே பந்து! லெஃப்ட் கையில. முடிஞ்சுது பேச்சு."

இசக்கியப்பன் தலையாட்டிவிட்டார். ஆட்டிய பிறகு, வீட்டுக்குப் போய்ப் பூண்டை உரித்துச் சொத்தையைப் பார்த்தவர் முகம் வந்தது அவருக்கு.

ஸ்ரீதர் ரத்தினத்தைத் தனியாக இழுத்துக்கொண்டு போனான். "ண்ணா, நான் லெஃப்ட் கையில சோறுகூட துன்னதில்லண்ணா."

"சோறு எவன்டா லெஃப்ட் கையில துன்றான்? பந்துதானே போடச் சொல்றாங்க."

"பந்து எந்தக் கையிலயுமே போட்டதில்லண்ணா."

"வெரல் வேலன்னு சொல்லிகினு இருந்தியே, அந்த வெரல் எங்க போச்சு? துன்ன முட்டைக்கு ஒரே ஒரு பந்து போடு. அந்தாண்ட போய்ச் சேந்தா போதும், மீதிய நான் பேசிக்கறேன்."

இந்தியா பந்துவீசி முடித்திருந்தது. திரையில் சோப்பு விளம்பரம். ஸ்ரீதர் பந்தை இடது கையில் வைத்து, ஏதோ சுடும் பாத்திரத்தைப் பிடித்தவன்போல் நின்றான். எல்லோரும் பார்க்கிறார்களே என்று காதைத் தேய்த்தான். வலது கையால் வலது காதை. இசக்கியப்பன், "பாத்தீரா! பாத்தீரா!" என்று தொடையில் தட்டினார். ரத்தினம் நீல நாடாவின் நுனியைப் பார்த்தான். அது இன்னும் வெளியே எட்டிப்பார்த்துக்கொண்டுதான் இருந்தது.

ஸ்ரீதர் ஓடத் தொடங்கினான். அப்போது திரையில் கார்முகில் வந்தான். தமிழ் வர்ணனையாளர் மைக்கை நீட்டி, "முதல் ஆட்டத்துலயே அசத்திட்டீங்க. யாருக்கு நன்றி சொல்ல விரும்பறீங்க?" என்று கேட்டார். மைதானம் முழுக்கத் திரை பக்கம் திரும்பியது. பாதி ஓட்டத்தில் ஸ்ரீதரும் நின்றுவிட்டான்.

"கோச்சுங்க எல்லாருக்கும் சார். வூட்ல எல்லாருக்கும்." கார்முகில் வெட்கத்தோடு காதைத் தேய்த்துக்கொண்டான். "அப்பறம் ஒரகடத்துல ரத்தினம்னு ஒரு அண்ணன் கீறாரு சார். லாரி நிக்கற எடத்துல பந்து போட்டுகினு இருந்த என்ன, கையப் பிடிச்சி இட்டுகினு போய் கிரவுண்டுல வுட்டவரு அவருதான். அவரு இல்லன்னா நான் இல்ல."

ரத்தினத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. திரை கலங்கலாகத் தெரிந்தது. இந்த ஒரு வார்த்தைக்காக எத்தனை கூவலை விழுங்கியிருப்பான். 'போதும்டா தம்பி, அங்கயே நிறுத்திக்க' என்று உள்ளுக்குள் வேண்டினான்.

தம்பி நன்றி மறக்காதவன். "இன்னிக்கு அவரு டீமு ஃபைனல் ஆடுது சார். சீட் கம்பெனி. ஜெயிக்கணும். ஸ்ரீதர் அண்ணனுக்கும் தேங்க்ஸ். அவரு ஐடி கார்டுலதான் நான் செமி ஃபைனல் ஆடுனேன்."

உற்பத்தி லைன் திடீரென்று நின்றுபோகும்போது கம்பெனியில் ஒரு நிசப்தம் விழும். மைதானத்தில் அது விழுந்தது. அதற்கடுத்து எழுந்த சத்தத்தில் சீனிவாசனின் திரை ஆடியது. யார் முதலில் தூக்கினார்கள் என்று தெரியவில்லை, ரத்தினம் தோள்களின் மேல் இருந்தான். டிவியில் பெயர் வந்தவனைத் தூக்குவதற்கு எந்த அணி என்ற கணக்கு கிடையாது. அவன் இடது காலைத் தூக்கிக்கொண்டிருந்தவர் இசக்கியப்பன்.

"யோவ் ரத்தினம்" என்று கீழிருந்து ரகசியமாகச் சொன்னார். "எங்க கம்பெனிக்கு வந்துரும்வே. எங்க எச்ஆர்ட்ட நான் பேசுதேன். உம்ம மாதிரி ஆளு எதிர்ல இருக்கக் கூடாது."

"பெர்மனன்ட்டா?" வாய் தானாகக் கேட்டுவிட்டது.

"பாக்கலாம்வே."

"பாக்கலாம்னா? கேன்டீன்ல ஒரே வரிசையா, ரெண்டு வரிசையா?"

"மேல இருந்துக்கிட்டுப் பேரம் பேசாதயும். கனக்குதீரு."

மேலிருந்து எல்லாம் தெரிந்தது. யாருமே பார்க்காத ஆடுகளத்தில், சொன்ன வேலையை முடித்துவிடலாம் என்று நினைத்தானோ என்னவோ, ஸ்ரீதர் கண்ணை மூடிக்கொண்டு இடது கையால் பந்தை விட்டான். அது எழும்பி, குத்தி, மறுபடி குத்தி, கடைசியில் உருண்டுகொண்டே போய் நடுக்குச்சியில் மெல்ல முட்டியது. ஸ்ரீதர் இரண்டு கைகளையும் உயர்த்தி அம்பயரைத் தேடினான்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஷெர்லின் வந்துகொண்டிருந்தாள். நீல நாடா இப்போது பையில் இல்லை. ஒரு நுனியை விரலில் சுற்றுவதும் பிரிப்பதுமாக வந்தாள். முகம் சாயங்கால வெயிலுக்கு எதிரே இருந்ததால், அது கோபமா, சிரிப்பை அடக்குவதா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. "என்ன எறக்கி வுடுங்கடா" என்றான் ரத்தினம். யாரும் கேட்கவில்லை. அவள் நெருங்கிவந்து நின்று அண்ணாந்து பார்த்தாள். நாடா இருந்த கை சற்றே உயர்ந்தது.

எதற்கும் இருக்கட்டும் என்று ரத்தினம் மஞ்சள் நாடாவைச் சட்டைக்குள் தள்ளிவிட்டுக் கழுத்தைக் கொஞ்சம் தாழ்த்தி வைத்தான்.