குதிரையின் ஷூ

மகன் திருட்டுத்தனமாக ஓடுகிறான் என்பதில் பஸ் டிரைவருக்குச் சந்தேகமே இல்லை. கட்டிலுக்கடியில் கிடந்த ஷூவுக்குள் கையை விட்டார். இன்றைக்கும் ஈரம். விரலை மோந்து பார்த்தார். வியர்வை பொய் சொல்லுமா?

ஓட்டப் பந்தயத்தில் கோப்பைகளாக வாங்கிக் குவித்த பிள்ளைக்கு வீட்டில் குதிரை என்றே பேர். அணித் தேர்வுக்கு முன் எடுத்த ஸ்கேனில்தான் அவனுடைய இதயத் தசை தடித்திருப்பது தெரிந்தது.

"ஓடி ஓடித் தடிச்சதா, பரம்பரைக் கோளாறான்னு பாக்கணும்" என்றார் டாக்டர். "மூணு மாசம் ஓடவே கூடாது. மெலிஞ்சா பயிற்சியால வந்தது. மெலியலைன்னா பரம்பரைக் கோளாறு, ஓடுறப்பவே ஆளைச் சாய்ச்சிடும். இவன் தங்கச்சியையும் ஒரு தடவை கூட்டிட்டு வாங்க."

"அவ மாடி ஏறவே மூச்சு வாங்குறவ டாக்டர். வீட்ல மூட்டைன்னுதான் கூப்பிடுவோம். அவளுக்கு எங்கேருந்து தடிக்கும்?"

டாக்டர் மேலே ஏதோ சொல்ல வந்தார். டிரைவர் காதில் ஏறினால்தானே!

அன்று முதல் வீட்டுக்குள் போலீஸ் வேலை. மகன் குளித்தால் சந்தேகம், குளிக்காவிட்டாலும் சந்தேகம்.

"சத்தியமா நான் ஓடலப்பா."

"அப்ப ஷூ தானா எந்திரிச்சு ஓடுதா?"

"பெத்த பிள்ளையை இப்படியா வேவு பாப்பீங்க?" என்றாள் மனைவி.

"செத்தப்புறம் பாக்கச் சொல்றியா?" என்றார்.

மறுநாள் விடியலில் வேலைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுத் தெருமுனையில் மறைந்து நின்றார். மகனுடைய தொப்பி வைத்த சட்டை கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தது. பின்னாலேயே போனார். மைதானத்தில் அந்த உருவம் ஓட ஆரம்பித்தது. பாதி சுற்றுகூட முடியவில்லை. கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டது.

"டேய்!"

ஓடிப் போய்த் தோளைப் பிடித்துத் திருப்பினார். மூட்டை.

உதடு வெளுத்திருந்தது. ஒரு கை நெஞ்சில். அண்ணன் ஷூ பெரிது என்று உள்ளே துணி திணித்திருந்தாள்.

"நீ எதுக்கும்மா ஓடுற?"

"எல்லாரும் சோம்பேறின்னு சொல்றீங்கல்ல" என்றாள் விட்டு விட்டு. "ஓடிப் பழகினா மூச்சு வாங்காதுன்னு நெனச்சேன். ஓட ஓட அதிகமாத்தான் ஆகுதுப்பா."

டாக்டர் சொன்ன 'பரம்பரை' அப்போதுதான் அவர் காதில் ஏறியது. பிறகு அவள் முன்னால் முதுகைக் காட்டிக் குனிந்தார்.

"ஏறிக்கோ. ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

"நான் வெயிட்டுப்பா. நடந்தே வரேன்."

"ஒரு அடி எடுத்து வைக்கக் கூடாது."

தூக்கிக்கொண்டு நடந்தார். முதுகில் அவள் நெஞ்சு தாறுமாறாக அடித்துக்கொண்டது. இத்தனை நாளும் யாரைக் காவல் காத்தோம் என்று நினைக்க நினைக்க, டிரைவருக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.