தலைக்குப் போட்ட பட்டி

மகள் சாரங்கியின் நெற்றியில் இரண்டு சிவப்பு வட்டங்களைக் கண்டதும் தங்கமலருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டென்மார்க்கின் ரண்டர்ஸ் நகர முதியோர் இல்லத்தில் வேலை முடிந்து வந்தவள், ஜாக்கெட்டைக்கூடக் கழற்றவில்லை.

"என்னப்பா இது?"

"மூளைக்குக் கொஞ்சம் கரண்ட் குடுக்கிற பட்டி. வீடியோ பாத்து நானே செய்தனான்," என்றார் கணவர் நித்தியானந்தன் பெருமையாக. உப்புத்தண்ணீரில் நனைத்த இரண்டு பஞ்சுத் துண்டுகள், ஒரு பேட்டரி. "கணக்கில பத்துத்தானே எடுத்தவள். பன்னிரண்டு வேணும்."

டென்மார்க்கில் பன்னிரண்டுக்கு மேல் புள்ளியே இல்லை. பத்து எடுத்த பிள்ளையை ஆசிரியர் பாராட்டி அனுப்பினார். பெற்ற தகப்பன் கரண்ட் வைக்கிறார்!

"உங்கட தலையில போட்டுப் பாத்தனீங்களோ?"

"எனக்கென்ன சோதினையே இருக்கு?"

தங்கமலர் அலுமாரியைத் திறந்து, குடியுரிமைக்கான டேனிஷ் சோதனைப் புத்தகத்தை எடுத்து மேசையில் போட்டாள். இருபது வருடமாக அவர் 'அடுத்த முறை, அடுத்த முறை' என்று தள்ளிப்போட்ட சோதனை அது. பிறகு பட்டியைத் தூக்கிக்கொண்டு அவரிடம் போனாள்.

நித்தியானந்தன் இரண்டு கையாலும் தலையைப் பொத்தினார். "ஐயோ, வேண்டாமப்பா! சுடும்!"

"ஓ," என்றாள் தங்கமலர். "சுடுமெண்டு தெரியும், என்ன?"