ஒன்பது பி-யின் ஐந்தாவது ஆள்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கதை எழுத நான் உட்காரவே இல்லை. உறுதிமொழிப் பத்திரம் ஒன்று எழுதத்தான் உட்கார்ந்தேன். இன்ன பெண் என்னோடு ஒன்பதாம் வகுப்பு படித்தாள் என்று நாலு வரி எழுதி, கையெழுத்துப் போட்டு, நோட்டரியிடம் முத்திரை வாங்கி அனுப்பினால் தீர்ந்தது. பத்து நிமிட வேலை.

சிக்கல் என்னவென்றால், அந்தப் பெண்ணை எனக்குச் சுத்தமாக நினைவில்லை.

நாள் போகப் போகப் பத்திரம் நீண்டுகொண்டே வந்து, கடைசியில் இப்படி உங்கள் கையில் வந்து நிற்கிறது.

2

எங்கள் பள்ளி ஒரு மேசை நாற்காலிக் கடையின் மாடியில் இருந்தது. நாள் முழுக்க வார்னிஷ் வாசனையில்...

(இது முன்பு எழுதிய தொடக்கம். வாசனையில் ஆரம்பித்தால் நான் வாசனையிலேயே நின்றுவிடுவேன். நேராகச் சொல்கிறேன்.)

எங்கள் அப்பாக்கள் ஒரு துறைமுகம் கட்டுவதற்காக வேறொரு நாட்டுக்குப் போனவர்கள். எங்களுக்கு நம் மொழியில் பாடம் நடத்த, கட்டுமானக் கம்பெனியே நாலு அறையில் ஒரு பள்ளி வைத்தது. வேலை முடிய முடியக் குடும்பங்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. ஏழாம் வகுப்பில் இருபது பேர் இருந்தோம். ஒன்பதில் ஐந்து பேர். அந்த வருடத்தோடு பள்ளியை மூடினார்கள். பிறகு கம்பெனியும் இல்லாமல் போயிற்று. பதிவேடுகள் எங்கே போயின என்று யாருக்கும் தெரியாது.

இரண்டு வருடங்களுக்கு முன் லிஃப்ட்காரன் எங்களையெல்லாம் தேடிப் பிடித்து இணையத்தில் ஒரு குழு தொடங்கினான். (லிஃப்ட் பழுதுபார்ப்பவன். அடுக்குமாடிகளின் உச்சியில் நின்றுகொண்டு பேசுவான். குரல் தொட்டிக்குள்ளிருந்து வருவதுபோல இருக்கும்.) குழுவின் பெயர் 'ஒன்பது பி'. 'ஏ' பிரிவு என்று ஒன்று இருந்ததே இல்லை. பிறகு நாங்கள் ஏன் 'பி' என்பது இன்றுவரை விளங்கவில்லை. ஆளுக்கொரு நாட்டில் இருப்பதால், ஒருத்தி காலை வணக்கம் போடும்போது இன்னொருத்தன் சாயங்கால நடை முடித்து வந்திருப்பான். பேச்செல்லாம் முட்டி வலி, பிள்ளைகளின் மதிப்பெண், யாருக்கு எவ்வளவு முடி மிச்சம் என்பதுதான்.

குழுவில் எட்டுப் பேர் இருந்தாலும், ஒன்பதாம் வகுப்பை அங்கே முழுதாக முடித்தவர்கள் நானும் லிஃப்ட்காரனும் மட்டும். மற்ற ஆறு பேரும் அதற்கு முன்பே கிளம்பிவிட்டவர்கள். அந்த ஐந்து பேரில் ஒருவன் இப்போது உயிரோடு இல்லை. இன்னொருவனைப் பற்றித் தகவலே இல்லை.

ஐந்தாவது ஆள், இந்தக் கதை யாரைப் பற்றியதோ, அவள்.

3

லிஃப்ட்காரன் ஒருநாள் பழைய துறைமுகப் படம் ஒன்றைப் பொதுவில் போட்டான். அதன் கீழே எனக்கு முன்பின் தெரியாத ஒரு பெண் எழுதியிருந்தாள்: "படிக்கட்டுக் குழாயைத் தொட்டா ஷாக் அடிக்குமே, அந்த ஸ்கூல்தானே?" அவன் துள்ளிக் குதித்து அவளைக் குழுவில் சேர்த்தான். எல்லோரும் ஏதேதோ விசாரித்தார்கள். நான் ஒரு கும்பிடு படம் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போனேன்.

அவள் ஒரு நர்ஸ். வேறொரு நாட்டில் பதினாலு வருடம் வார்டு பொறுப்பில் இருந்தவள். இப்போது கணவனோடு குடியேறியிருக்கும் நாட்டில், முதியோர் இல்லம் ஒன்றில் ஆறு வருடமாக உதவியாள். படுக்கை விரிப்பது, குளிப்பாட்டுவது, ஊட்டிவிடுவது எல்லாம் செய்யலாம். மருந்து அலமாரியின் சாவியைத் தொடக் கூடாது. ஒரு பெரியவரின் கால் வீங்கியிருப்பதை அவள்தான் முதலில் பார்த்துச் சொன்னாள். யாரும் குறித்துக்கொள்ளவில்லை. உதவியாள் சொல்வதை எழுத அந்தப் படிவத்தில் கட்டம் கிடையாது. மூன்றாம் நாள் அவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பிழைத்துவிட்டார். அன்றைக்குத்தான் அவள் அந்த நாட்டிலும் நர்ஸாகப் பதிவு பெறும் தேர்வுக்கு விண்ணப்பிப்பது என்று முடிவு செய்தாள்.

செவிலியர் வாரியம் எல்லாச் சான்றிதழும் கேட்டது. எல்லாம் இருந்தன, ஒன்பதாம் வகுப்பைத் தவிர. பள்ளியே இல்லையென்றால், கூடப் படித்த இரண்டு பேர் உறுதிமொழி தரலாம் என்று பதில் வந்தது. கெடு முப்பது நாள்.

"ஒண்ணு நான் குடுத்துட்டேன். இன்னொண்ணு நீதான்" என்றான் லிஃப்ட்காரன்.

"எனக்கு அவங்களை ஞாபகம் இல்லடா."

"மாசக்கணக்கா ஒரே ரூம்ல இருந்திருக்கோம். மொத்தமே அஞ்சு பேரு. அதுல ஒருத்தியை ஞாபகம் இல்லேங்கற."

"இல்லையே. என்ன பண்ணச் சொல்ற?"

"எழுது. கதை விடுறதுதானே உன் தொழிலு."

(என் தொழில் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துவது. கதை பொழுதுபோக்கு. இதை அவனுக்கு இருபது தடவையாவது சொல்லியிருப்பேன்.)

4

எழுதினேன். வெட்கத்தோடு கீழே தருகிறேன்.

"அவர் இரட்டைச் சடை போட்டு, ஜன்னலோரம் அமர்ந்திருப்பார். ஒருமுறை நான் அழிப்பான் கொண்டுவர மறந்தபோது, தன்னுடையதை இரண்டாக வெட்டி ஒரு பாதியை..."

லிஃப்ட்காரன் படித்துவிட்டு உடனே கூப்பிட்டான். "பிரமாதம். கண்ணே கலங்கிடுச்சு. ஆனா ஒண்ணு, அவளுக்குப் பேன் தொல்லைன்னு முடியை ஒட்ட வெட்டி வச்சிருந்தாங்க. சடையெல்லாம் கிடையாது."

என் மனைவி வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். "ஞாபகம் இல்லன்னா இல்லன்னு சொல்லிடுங்களேன். இப்படி ஜோடிச்சு எழுதி, அவங்க கண்டுபிடிச்சா யாருக்குக் கஷ்டம்? அந்தப் பொண்ணுக்குத்தானே."

அவள் சொன்னது சரி. நான் எழுதாவிட்டால் கெடு முடிந்துவிடும் என்பதும் சரி. இரண்டு சரிகளுக்கும் நடுவில் மூன்று நாள் மாட்டிக்கொண்டேன். அச்சகத்தில் ஒரு கணக்குப் புத்தகத்தில் 'முக்கோணம்' என்பதை 'மூக்கோணம்' என்றே விட்டுவிட்டேன். முதலாளியே அதைப் பார்த்தார். அந்தத் தாளை மட்டும் என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அவள் நிஜமாகவே எங்களோடு படித்தவள்தானா என்ற சந்தேகமும் எனக்கு வந்தது. எங்களிடம் இருக்கும் ஒரே வகுப்புப் படத்தில் நாலு முகங்கள் தெரிகின்றன. லிஃப்ட்காரன் தூக்கிய கைக்குப் பின்னால் ஒரு தோள்பட்டை மட்டும் இருக்கிறது.*

* "அது நான்தான்" என்று அவள் பிற்பாடு சொன்னாள். "கையை இறக்குடான்னு சொல்லிக்கிட்டே இருந்தேன்." அவன் மன்னிப்புக் கேட்டான், முப்பத்துமூன்று வருடம் கழித்து.

5

நானே அவளை வீடியோவில் கூப்பிட்டேன். முடியாது என்று சொல்லிவிடத்தான். எனக்குக் காலை பதினொரு மணி. அச்சகத்துப் பின்படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். அவளுக்கு மதிய இடைவேளை. உடை மாற்றும் அறையில் இரும்பு அலமாரிகளுக்கு நடுவே ஒரு பெஞ்சில் அமர்ந்து, ஒரு காலின் ஷூவைக் கழற்றிக் கணுக்காலை அமுக்கிக்கொண்டிருந்தாள்.

"நீங்க எழுதினதை அவன் அனுப்பினான்" என்றாள். "நல்லா இருந்துச்சு. ஆனா அது நான் இல்ல."

"மன்னிச்சுக்கங்க. உண்மையைச் சொல்லணும்னா..."

"உங்களுக்கு என்னை ஞாபகம் இல்ல. குரூப்ல சேர்ந்த அன்னைக்கே தெரியும். எல்லாரும் ஏதாவது கேட்டாங்க. நீங்க கும்பிடு போட்டீங்க."

எனக்கு முகம் சுட்டது.

"ஞாபகம் இருக்கணும்னு என்ன கட்டாயம்? நீ ஒருநாளாவது திரும்பிப் பார்த்திருந்தாத்தானே."

(இந்த இடத்தில்தான் அவள் 'நீங்க'விலிருந்து 'நீ'க்கு மாறினாள். அப்போது நான் கவனிக்கவில்லை. எழுதும்போதுதான் தெரிகிறது.)

"திரும்பின்னா?"

"நான் உனக்குப் பின்னாடி பெஞ்சு. ஏழு மாசம் உன் பிடரியைத்தான் பார்த்துக்கிட்டு இருந்தேன்." அவள் கணுக்காலிலிருந்து கையை எடுத்தாள். "வாசிக்கச் சொல்லி எழுப்பிவிட்டா, 'க'வுல வர்ற வார்த்தை உனக்கு வராது. அப்படியே நின்னுடுவ. இடது கையைப் பின்னாடி கொண்டுவந்து என் மேசையில ரெண்டு தட்டு தட்டுவ. நான் பாதி வார்த்தையை மெதுவாச் சொல்லுவேன். மீதியை நீ பிடிச்சுக்குவ."

நான் கைபேசியைப் படியில் வைத்துவிட்டேன். அவளுக்குக் கொஞ்ச நேரம் கூரைதான் தெரிந்திருக்கும்.

வாசகரே, உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எனக்குத் திக்குவாய் இருந்தது. பின்னாலிருந்து ஒருவர் சொல்லெடுத்துக் கொடுத்ததை வைத்து இரண்டு கதைகள் எழுதியிருக்கிறேன். இரண்டிலும் சொல்லெடுத்துக் கொடுப்பவன் ஒரு பையன். அது லிஃப்ட்காரன் என்றே இத்தனை வருடமும் நம்பியிருந்தேன். வருட ஆரம்பத்தில் அவன்தான் எனக்குப் பின்னால் இருந்தான். மூன்றாம் மாதத்தில் புதிதாக ஒரு பெண் வந்ததும், வால்தனம் தாங்காமல் அவனை வாத்தியார் முன்னால் கொண்டுபோய் உட்காரவைத்தாராம். நான் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் நன்றி சொல்ல வேண்டும். சொன்னால் என் திக்கலைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும்.

அந்த இரண்டு தட்டைப் பற்றி நான் எங்கும் எழுதியதில்லை. மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

"நீ ஏன் இதை முன்னாடியே சொல்லல?" என்றேன், மறுபடி கைபேசியை எடுத்து.

"கையெழுத்து வேணும்ங்கிறதுக்காக ஞாபகப்படுத்தற மாதிரி ஆயிடும்ல." ஷூவை மாட்டிக்கொண்டாள். "சரி, மணி ஆயிடுச்சு. உனக்கு என்ன தோணுதோ அதை எழுது. வற்புறுத்தல."

அன்று மாலை லிஃப்ட்காரனைக் கேட்டேன், எனக்கு வார்த்தை சொல்லிக்கொடுத்தது நீயா என்று.

"நானா?" என்றான். "எனக்கே வாசிக்க வராது. நீ வாசிக்கிறப்ப நான் ஜன்னல் வழியா லாரி எண்ணிக்கிட்டிருப்பேன்."

6

பத்திரம், கடைசி வடிவம்:

"இவரது முகம் எனக்கு நினைவில்லை. காரணம், இவர் எனக்குப் பின்னால் அமர்ந்திருந்தார். நான் திரும்பிப் பார்த்ததில்லை. ஆனால் இவரது குரலை ஏழு மாதங்கள் கேட்டிருக்கிறேன். எனக்குத் திக்குவாய் இருந்தது. சொல் வராதபோது மேசையில் இருமுறை தட்டுவேன். பின்னாலிருப்பவர் சொல்லின் முதல் பாதியைச் சொல்வார். இந்தச் சைகையை நான் இதுவரை எவரிடமும் கூறியதில்லை. இதை நான் கேட்காமலே இவர் என்னிடம் விவரித்தார். அந்த அறையில், அந்த மேசையில் இருந்தவரைத் தவிர வேறு எவருக்கும் இது தெரிந்திருக்க வழியில்லை."

நோட்டரி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு இருமுறை படித்தார். "இப்படி யாரும் எழுதிக்கொண்டுவர மாட்டாங்க சார். 'நன்கு அறிவேன்'னு போட்டாப் போதும்."

"நன்கு அறிஞ்சிருக்கலையே."

"எழுதியிருக்கிறதெல்லாம் உண்மைதானே?"

"உண்மை."

முத்திரையை மைத்தட்டில் அழுத்திக் குத்தினார். கெடுவுக்கு நாலு நாள் இருந்தது.

7

இனி முடிவு. இரண்டு எழுதினேன்.

முதலாவதில் வாரியம் ஏற்றுக்கொள்கிறது. அவள் தேர்வு எழுதுகிறாள், தேறுகிறாள், மருந்து அலமாரியைத் திறக்கிறாள். சாவி திரும்பும் சத்தத்தோடு கதை...

இரண்டாவதில் வாரியம் மறுக்கிறது. குழுவே ஒன்றுசேர்ந்து மேல்முறையீடு எழுதுகிறது. ஒருத்தி மொழிபெயர்க்கிறாள், ஒருவன் தட்டச்சு செய்கிறான், காணாமல் போன அந்த நாலாவது ஆள் எங்கிருந்தோ கிடைத்து...

இரண்டையும் அவளுக்கு அனுப்பினேன். கதையாகப் போடலாமா என்றும் கேட்டேன். மறுநாள் குரல்செய்தி வந்தது. பின்னணியில் தள்ளுவண்டிச் சக்கரம் கிரீச்சிட்டது.

"போட்டுக்கோ. ஊர் பேரு, என் பேரு வேண்டாம். ஆனா முடிவை நீ எழுதாத. அது எனக்கு வர வேண்டிய கடிதம். உனக்கு முன்னாடி நான் படிக்கணும்."

மூன்று வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை. எனக்கு நடுப்பகல். ஒன்பது கட்டங்களில் ஒன்பது முகங்கள். லிஃப்ட்காரன் சட்டையைத் தேய்த்துப் போட்டிருந்தான். அவள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தாள். கணவர் பக்கத்தில் நின்றிருந்தார். வாரியத்திலிருந்து வந்த உறையைக் கிழியாமல் கத்தியால் மெதுவாகத் திறந்தாள்.

"சத்தமாப் படி" என்றான் லிஃப்ட்காரன்.

"இரு. முதல்ல நான்."

படித்தாள். விரல் வரிகளுக்கு அடியில் நகர்ந்தது. ஒரு தாளைத் திருப்பி மேசையில் வைத்தாள். பிறகு எங்களிடம் சொன்னாள். ஒன்பது பேரும் ஒரே நேரத்தில் பேசியதில் கொஞ்ச நேரம் யார் பேச்சும் யாருக்கும் கேட்கவில்லை.

என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியும். எழுத மாட்டேன். "இதை மட்டும் கதையில போடாத" என்று அன்றைக்கே கேட்டுக்கொண்டாள். இத்தனை நாள் கழித்து அவள் என்னிடம் கேட்ட ஒரே உதவி அதுதான். பத்திரத்தை அவள் கேட்கவில்லை, லிஃப்ட்காரன்தான் கேட்டான்.

ஆகவே முடிவு உங்கள் பொறுப்பு. இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள். அவளை இப்போது உங்களுக்கும் கொஞ்சம் தெரியும். தேர்வு எழுதவைப்பதானாலும், இன்னொரு விண்ணப்பம் போடவைப்பதானாலும், உங்கள் இஷ்டம். ஒன்றை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள்: திங்கட்கிழமை காலை ஆறரை மணி பஸ்ஸை அவள் தவறவிட்டதாக எழுதிவிடாதீர்கள். முதியோர் இல்லத்தின் இரண்டாம் மாடியில் பதினொரு பேர் தலை வாராமல் காத்திருக்கிறார்கள்.