தீக்குச்சி இல்லாத வண்டி

லே ஊருக்குப் போகிற மலைச் சாலையில் முன்னால் பாறை சரிந்து கிடந்தது. பின்னால், காலையில் கணுக்கால் ஆழத்தில் வண்டி கடந்த ஓடை, வெயிலில் பனி உருகிப் பெருகி, சாலையையே அறுத்துக்கொண்டு ஓடியது. நடுவில் மாட்டிக்கொண்டு நின்றது காளிராஜின் சுமோ. ஜூன் மாதம். அவர்கள் ஊர் சிவகாசியில் தார் உருகும் பொழுது. இங்கே கண்ணாடியில் பனித்தூறல் ஒட்டியது.

பின்சீட்டில் இன்பராஜ் வாத்தியார் சாய்ந்து கிடந்தார். ஒவ்வொரு மூச்சுக்கும் நெஞ்சுக்குள் உலை கொதிக்கிற சத்தம் கேட்டது. உதடு நாவற்பழ நிறத்துக்கு வந்துவிட்டது.

நல்லசிவம் அவர் கையை விடாமல் பிடித்திருந்தார். பட்டாசுக் கம்பெனியில் ஆயுசெல்லாம் போர்மேனாக இருந்தவர். அவர் பார்த்த ஷெட்டில் ஒருநாளும் தீ விழுந்ததில்லை. கொடுத்த வாக்கும் தவறியதில்லை. புறப்படும் நாளில் வாத்தியாரின் மனைவி பாக்கியவதி வாசலில் நின்று, "அண்ணே, இவுகளுக்கு மூச்சு கொஞ்சம் மட்டு. உங்கள நம்பித்தான் அனுப்புறேன்" என்றாள். "நானே கொண்டாந்து விடுறேன், தாயி" என்றார் இவர். அதற்கு மேல் அந்த வீட்டில் மறுபேச்சு எழவில்லை. நல்லசிவம் சொன்னால் பத்திரம் எழுதின மாதிரி.

நேற்று வழியில் ஒரு ராணுவ டாக்டர் வாத்தியாரைச் சோதித்துவிட்டு, இந்த உயரம் அவர் நெஞ்சுக்கு ஆகாது என்று உடனே கீழே இறங்கச் சொன்னார். காளிராஜ் வண்டியைத் திருப்பவே போய்விட்டான். நல்லசிவம்தான் கேட்கவில்லை. லே வரை வண்டியிலேயே போகிறார்கள் என்று மாலை போட்டு வழியனுப்பிய ஊர்க்காரர்கள் முன்னால், பாதியில் வந்து நிற்பதா? ஒருநாள் தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்றார். வாத்தியாரும் தலையை ஆட்டினார். தன்னால் ஒரு பயணம் கெட்டது என்ற பேச்சு அவருக்கும் ஆகாது.

பள்ளத்தாக்கில் ராணுவக் கூடாரங்கள் இருப்பதைப் போன வளைவில் பார்த்திருந்தார்கள். இப்போது மூடுபனி எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது. செல்போனில் சிக்னல் கோடு இல்லை. காளிராஜ் ஹாரனை அடித்தே பேட்டரியைக் கொன்றான். ஓடையில் இறங்கிப் பார்த்தான். தண்ணீர் இடுப்பைப் பிடித்து இழுக்க, நனைந்த கோழியாகத் திரும்பி வந்தான்.

"அண்ணாச்சி, நம்ம பெட்டி" என்றான் திடீரென்று.

சீட்டுக்கடியில் ஒரு பெட்டி நிறைய வெடி இருந்தது. லேயில் பட்டாளத்தில் இருக்கும் அவன் அக்காள் மகன் பாலகுருவுக்காகக் கொண்டுவந்தது. இரண்டு தீபாவளியாக ஊருக்கு வராத பிள்ளை. வெடித்தால் சத்தம் கூடாரம் வரை போகும். பெட்டியைக் கீழே இறக்கிய பிறகுதான் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

வெடி இருக்கிற வண்டியில் நெருப்பு கூடாது. அது நல்லசிவத்தின் சட்டம். கம்பெனி கேட்டில் சோதிப்பது போலக் காளிராஜின் பைகளை உதறிப் பார்த்து, தீப்பெட்டியைப் பிடுங்கி எறிந்தவர் அவர். வண்டியில் சிகரெட் பற்றவைக்கும் லைட்டரைக்கூடக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வந்தவர்.

காளிராஜ் சிரித்தான். கண்ணில் தண்ணீர் வந்தது. "நாட்டுக்கே தீக்குச்சி குடுக்குற ஊரு. நாம ஒத்தக் குச்சி இல்லாமச் சாகப் போறோம்."

வாத்தியார் வாய் ஏதோ முணுமுணுத்தது. குனிந்து கேட்டார்கள். பழைய வகுப்புக்கு வருகைப் பதிவு எடுத்துக்கொண்டிருந்தார். கருப்பணன். பலவேசம். காளிராஜ்.

"உள்ளேன் ஐயா" என்றான் காளிராஜ்.

அடுத்த பெயர் வரவில்லை. தொண்டையில் ஏதோ அடைத்தது போல உடம்பு விறைத்தது. நல்லசிவம் அவசரமாக ஸ்வெட்டரை மேலே தூக்கி, சட்டைப் பித்தான்களை அவிழ்த்தார். உள்பையில் ஏதோ கையில் தட்டுப்பட்டது. பழக்கத்தில் கையை இழுத்துக்கொண்டார். புறப்படும்போது வாத்தியார் தாமாகவே கையைத் தூக்கி, "என்னையும் பாத்துருங்க" என்று சிரித்தார். "உங்க பையில கை விட்டா எனக்குத்தான் கேவலம், சார்வாள்" என்று விலகிப் போனவர் இவர்.

இப்போது கையை விட்டார். ஒரு பீடிக்கட்டும் தீப்பெட்டியும் வந்தன.

இந்த நெஞ்சை வைத்துக்கொண்டு வழியெல்லாம் திருட்டுத்தனமாகப் புகைத்திருக்கிறார் மனுஷர். வந்த கோபம் தீப்பெட்டியைத் திறப்பதற்குள் போய்விட்டது. குச்சிகளில் ஈரம் ஏறியிருந்தது. உரச உரச மருந்து உதிர்ந்தது. கடைசிக் குச்சியை நல்லசிவம் தலைமுடிக்குள் விட்டுத் தேய்த்துச் சூடேற்றினார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்தார். மந்திரி வந்தபோதும் இறங்காத துண்டு. அதைக் கயிறாகத் திரித்து, நுனியைப் பிய்த்துப் பஞ்சாக்கி, வண்டி மறைவில் உட்கார்ந்து உரசினார்.

பற்றியது. துண்டின் நுனி கனிந்தது.

காளிராஜ் வெடியை எடுத்துக்கொண்டு தயங்கினான். "உசுரோட இருக்கையிலேயே வேட்டுப் போடுற மாதிரி இருக்கு, அண்ணாச்சி."

"எடுலே. இருக்கன்குடிக் கோயில் கொடைன்னு நெனச்சுக்கிட்டுப் போடு."

போட்டார்கள். மலை இடித்துத் திருப்பிச் சொன்னது. எங்கோ கல் உருண்டது. மூடுபனிக்குள்ளிருந்து பதில் வரவில்லை. மறுபடியும் போட்டார்கள். துண்டு எரிந்து எரிந்து விரலுக்கு வந்தது, நல்லசிவம் விடவில்லை. பெட்டி காலியானபோது அவர் கையில் கருகின மூலை ஒன்றுதான் மிச்சம். வண்டிக்குள் உலை கொதிக்கிற சத்தமும் தேய்ந்துகொண்டிருந்தது. பாக்கியவதியின் வாசலில் எந்த முகத்தோடு நிற்பது என்று நினைத்தார். அவரிடம் இருந்தது வாக்குத் தவறாத அந்த ஒரு முகம்தான்.

ஓடைக்கு அக்கரையில் அதட்டல் கேட்டது. கயிற்றைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, துப்பாக்கியோடு ஆட்கள் ஏறி வந்தார்கள். துப்பாக்கிச் சூடு என்று நினைத்து வந்தவர்கள். மொழி புரியாவிட்டாலும் கையைத் தூக்கச் சொல்கிறார்கள் என்று தெரிந்தது. காளிராஜ் வண்டியைக் காட்டி, "ஆக்சிஜன், ஆக்சிஜன்" என்று கத்தினான். ஒருவன் எட்டிப் பார்த்துவிட்டுக் கீழே குரல் கொடுத்தான்.

பேரன் வயதிருக்கும் சிப்பாய் ஒருவன் நல்லசிவத்தின் முன்னால் வந்து நின்று, சட்டைப்பை, இடுப்பு, கால் என்று தடவிப் பார்த்தான். எத்தனையோ ஆயிரம் பேரைக் கேட்டில் அப்படி நிறுத்தியவர், கையைத் தூக்கியபடி நின்றார். தோளில் துண்டு இல்லை. கண்ணை மட்டும் வண்டியிலிருந்து எடுக்கவில்லை.

சிலிண்டர் வந்தது. வாத்தியார் முகத்தில் ஆக்சிஜன் மூடியை வைத்து அழுத்தினார்கள். மூடி வெறுங்கண்ணாடியாக இருந்தது. அப்படியே இருந்தது. பிறகு அதன் உட்புறத்தில் லேசாக ஆவி படிந்தது, மறைந்தது, மறுபடியும் படிந்தது.

சிப்பாய் கையை இறக்கலாம் என்று சைகை காட்டினான். நல்லசிவம் அந்த ஆவியையே பார்த்தபடி கையை இறக்கவில்லை.